சிவில் சர்வீஸ் பரீட்சையின் சரித்திரமும் நம்மவர் கடமையும்

ஒரு சமூகத்தின் நிலையை அளந்தறிய விரும்புவோர் அச்சமூகத்தாரின் நிலபுலங்களையும் மாடமாளிகைகளையும் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவை வேண்டுவனவே; எனினும், நாட்டை நடத்தும் காரியத்தில் அச்சமூகத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதே அதனினும் உண்மையான அளவுகோலாகும். வரி விதிப்பதும், குளங்களையும் கால்வாய்களையும் பேணுவதும், பள்ளிக்கூடம் வைப்பதும், வெள்ளத்திலும் வறட்சியிலும் ஜனங்களைக் காப்பதும் சிலருடைய கையெழுத்தால் நடைபெறுகின்றன. அக்கையெழுத்துக்கு உரியவர்களை இந்நாட்டில் தேர்ந்தெடுக்கும் வாயில் சிவில் சர்வீஸ் பரீட்சையாகும்.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் முதலிய ஊர்களில் வாழும் நம்மவருள் இப்பரீட்சையின் பெயரைக் கேளாதார் இலர். அதன் சரித்திரத்தை அறிந்தாரோ மிகச் சிலர். அறியாமையால் விளையும் தீங்கு யாதெனின், 'அது பட்டணத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது' என்று பெற்றோர் சிலர் ஒதுங்கிவிடுகின்றனர். 'நம் வகுப்புக்கு இவ்வளவு இடம் என்று சர்க்கார் ஒதுக்கிவிட்டால் போதும், பிறகு எல்லாம் தானே நடக்கும்' என்று வேறு சிலர் இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டு எண்ணமும் பிழையென்பதை நடந்த வரலாற்றைக் கொண்டே காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் திறந்திருத்தலை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். கணவாய் எல்லார்க்கும் பொது. ஆயினும் அதன் நடுவே ஒரு சுங்கச்சாவடி நின்றால், கையிற் காசுள்ளவன் கடந்து போவான்; இல்லாதவன் இப்புறமே நிற்பான். சிவில் சர்வீஸ் பரீட்சையின் கதையும் இத்தகையதே. வழி திறந்ததென்று சட்டம் சொல்லிற்று. சுங்கமோ ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு வேஷத்தில் நின்றது.

கும்பினியார் காலம்

1801-ஆம் வருஷத்தில் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி திருநெல்வேலிச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியாரின் நேர் ஆளுகைக்குள் வந்தது. அக்காலத்தில் இங்கே கலெக்டராக இருந்தவர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் துரை. பின்னாளில் அவரே சென்னைக்குக் கவர்னராகவும் வந்தார். அவரும் அவர்காலத்தவரும் போட்டிப் பரீட்சை எழுதி வந்தவர்களல்லர். கும்பினியின் டைரக்டர்கள் தமக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளை 'ரைட்டர்' என்னும் பதவிக்கு நியமித்துக் கப்பலேற்றி அனுப்புவதே அன்றைய வழக்கு. அவர்களைப் பயிற்றுவதற்காக 1806-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு கலாசாலை ஏற்பட்டது. ஹெய்லிபரியில் நடைபெற்ற அக்கலாசாலை 1858-இல் மூடப்பட்டது. அதிற் சேர்வதற்கும் டைரக்டர் ஒருவரின் நியமனமே வேண்டியிருந்தது.

சென்னையிலும் 1812-ஆம் வருஷத்தில் எல்லிஸ் துரையின் முயற்சியால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கலாசாலை ஏற்பட்டது. புதிதாக வந்த ஆங்கில இளைஞர்கள் இங்கே தமிழ், தெலுங்கு முதலிய பாஷைகளை நம் நாட்டுப் புலவர்களிடம் பாடங்கேட்டனர். இதில் ஒரு விபரீதம் உண்டு. கற்பித்த புலவர்க்கு அவ்வுத்தியோகத்தை நினைக்கவும் உரிமை இல்லை. அவரிடம் எழுத்தறிந்த இளைஞரோ சில வருஷங்களில் ஒரு ஜில்லாவையே ஆளும் அதிகாரியானார்.

எனினும் அவ்வதிகாரிகளிடத்தில் நாம் கற்றுக்கொள்ளத்தக்க குணம் ஒன்று இருந்தது. ஆளவந்த ஊரை அவர்கள் எழுதி வைத்து அறிந்தனர். ஸ்டூவர்ட் துரை திருநெல்வேலி ஜில்லாவைப் பற்றி எழுதிய கையேடு 1879-இல் வெளிவந்தது. பேட் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி எழுதிய ஜில்லா கெஜட்டீர் 1917-இல் வெளிவந்தது. சிற்றாற்றின் போக்கு, குற்றாலத்துச் சாரல், கோயில்கள், குளங்கள், வேளாண்மை, வழிப்பாதைகள் ஆகிய யாவற்றையும் அவர்கள் ஒழுங்காகக் குறித்தனர். பாளையங்கோட்டையிலிருந்த துரைமார் சாரற் காலத்தில் குற்றாலத்துப் பங்களாக்களுக்கு வந்து தங்கியது இன்பத்துக்காகத்தான். ஆயினும் கண்டதைக் குறியாமல் அவர்கள் திரும்பவில்லை. தூரதேசத்திலிருந்து வந்தவர் நம் ஊரை அறிந்தது நம்மை ஆள்வதற்காக. இங்கேயே பிறந்த நாம் அதனை அறியாதிருப்பது எதற்காக? இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

கதவும் சுங்கமும்

1833-ஆம் வருஷத்துச் சாசனச் சட்டம், மதம், பிறந்த இடம், வமிசம், நிறம் என்பவற்றைக் காரணமாகக் கொண்டு எந்த இந்தியனையும் கும்பினி உத்தியோகத்தினின்று விலக்கலாகாது என்றது. ஆனால் நியமனம் டைரக்டர்கள் கையிலேயே இருந்தமையால் அவ்வாசகம் ஏட்டோடு நின்றது. 1853-ஆம் வருஷத்துச் சட்டம் நியமன உரிமையை நீக்கிப் போட்டிப் பரீட்சையை ஏற்படுத்திற்று. மெக்காலே பிரபுவின் குழு 1854-இல் அதற்குத் திட்டம் வகுத்தது. 1855-இல் லண்டனில் முதற் பரீட்சை நடந்தது.

கதவு திறந்தது, சுங்கங்களை எண்ணுவோம். முதலாவது, கடல். பரீட்சை லண்டனில் மட்டுமே நடந்தது. கப்பற் கட்டணமும் அந்நாட்டில் இருந்து படிக்கும் செலவும் தென்காசியைச் சேர்ந்த ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சொத்தையே விழுங்கவல்லவை. அதனோடு, கடல் கடந்தவனை ஜாதியை விட்டு நீக்கும் வழக்கமும் நம் நாட்டுக் குலங்கள் பலவற்றில் இருந்தது. வெள்ளையர் விதித்த சுங்கம் ஒன்றானால், நம்மவர் நம்மவர்க்கே விதித்த சுங்கம் மற்றொன்று.

இரண்டாவது, பாடம். மெக்காலே குழுவின் திட்டத்தில் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தனித்தனி 750 மதிப்பெண். சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தனித்தனி 375. தமிழுக்கு அதில் இடமே இல்லை.

மூன்றாவது, வயது. முதலில் 23 என்றிருந்த மேல்வரம்பு 1866-இல் 21 ஆயிற்று. 1878 முதல் 19 ஆயிற்று. அந்நிய பாஷையில், அந்நிய தேசத்தில், பத்தொன்பது வயதுக்குள் ஒரு பிள்ளை இப்பரீட்சையைத் தாண்டவேண்டுமென்பது கதவைச் சாத்தாமலே சாத்தும் உபாயமன்றி வேறென்ன?

இவ்வளவையும் கடந்து முதலில் தேறிய இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர். 1863-இல் தேறி 1864-இல் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1869-இல் சுரேந்திரநாத் பானர்ஜி, ரமேஷ் சந்திர தத்தர், பிஹாரிலால் குப்தர், ஸ்ரீபாத் பாபாஜி தாகூர் ஆகிய நால்வர் தேறினர். அவர்களுள் பானர்ஜிக்கும் ஸ்ரீபாத் பாபாஜிக்கும் வயது மிகுதியென்று கூறிப் பெயரை நீக்கினர். நடப்பு வருஷத்தையும் சேர்த்து வயது சொல்வது நம் நாட்டு வழக்கம். நிறைந்த வருஷத்தை மட்டும் எண்ணுவது அவர்கள் வழக்கம். இக்கணக்கின் வேற்றுமையால் வந்த வழக்கை நடத்தி இருவரும் உரிமையை மீட்டனர். பானர்ஜி 1874-இல் உத்தியோகத்தினின்று நீக்கப்பட்டார். வயது வரம்பைப் பத்தொன்பதாக்கும் உத்தரவு வந்தபோது, 1877-லும் 1878-லும் இந்தியா முழுதும் சுற்றி அதை எதிர்த்துப் பேசினார். இந்திய தேசிய இயக்கத்தின் முதற்பாடங்களுள் ஒன்று இப்பரீட்சையின் வயது வரம்பைப் பற்றியதென்பதை நம் வாலிபர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

1893-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்தியாவிலும் லண்டனிலும் ஒரே காலத்தில் பரீட்சை நடத்தவேண்டுமென்று பிரிட்டிஷ் காமன்ஸ் சபை தீர்மானித்தது. சர்க்கார் அதை நிறைவேற்றவில்லை. 1922-ஆம் வருஷத்திலேதான் அலகாபாத்தில் முதன்முறையாக இந்தியாவிலும் பரீட்சை நடந்தது. 1855 முதல் 1922 வரை அறுபத்தேழு வருஷங்கள்! ஒரு கடலைக் கடந்து வினாத்தாள் இப்புறம் வருவதற்கு இரண்டு தலைமுறை சென்றது.

இவ்விடைக்காலத்தில் நம் ஜில்லாவிலேயே நிகழ்ந்ததொன்றைக் குறித்தல் வேண்டும். 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுத் தானும் உயிர்நீத்தார். ஆஷ் துரை ஐ.சி.எஸ். அதிகாரி; வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் சமஸ்தானத்து வனத்துறையில் சிறு சேவகம் பார்த்தவர். அச்செயலின் நியாயாநியாயங்களைப் பற்றி இன்றும் வாதம் நிகழ்கின்றது. நமக்கு இங்கே வேண்டுவது வேறு. உத்தியோக ஏணியின் உச்சியில் யார் இருந்தார், அடியில் யார் இருந்தார் என்பதை அவ்விரண்டு பெயர்களுமே காட்டுகின்றன.

சென்னை மாகாணமும் வகுப்புரிமையும்

நிற்க. ஐ.சி.எஸ். என்பது உச்சிப் பதவி. அதற்குக் கீழுள்ள மாகாண உத்தியோகங்களைப் பற்றியே நம் மாகாணத்துச் சமூக சங்கங்கள் பலவும் அக்காலத்தில் விண்ணப்பங்கள் அனுப்பின. உத்தியோகங்கள் ஒருசில வகுப்பார் கையிற் குவிந்திருந்தமையை எதிர்த்து 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றிற்று. அக்கட்சியார் மந்திரிகளாயிருந்த 1921-ஆம் வருஷத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கான முதல் உத்தரவு பிறந்தது. 1927-ஆம் வருஷத்து உத்தரவு பன்னிரண்டு இடங்களைக் கொண்ட ஒரு சுற்றுமுறையை வகுத்தது. 1929-ஆம் வருஷத்தில் சென்னைச் சட்டசபை இயற்றிய சட்டத்தால் சென்னை சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. மாகாணங்களுள் இத்தகைய கமிஷனை முதன்முதல் ஏற்படுத்தியது நம் மாகாணமே. வகுப்புக்கு இடம் என்பதும், கமிஷனின் முன் தகுதி காட்டுதல் என்பதும் ஒரே பத்து வருஷத்துக்குள் தோன்றியவை. ஒன்றையொன்று நீக்க வந்தவையல்ல.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1951-இல் சம்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் கலாசாலைகளில் வகுப்புவாரி முறை செல்லாதென்றனர். அவ்வருஷத்திலேயே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் செய்யப்பட்டது. 1990-இல் மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் பிற்பட்ட வகுப்பாருக்கு 27 சதவீதம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. 1992-இல் சுப்ரீம் கோர்ட்டார் அதை ஒப்புக்கொண்டனர்.

இவையெல்லாம் போராடிப் பெற்ற உரிமைகள். இவற்றைச் சிறிதும் விட்டுக்கொடுத்தலாகாது. ஆனால் நம்மவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒதுக்கிய இடத்துக்கு வருபவனும் பொது இடத்துக்கு வருபவனும் எழுதுவது ஒரே வினாத்தாள். இடம் ஒதுக்கும் சட்டம் அவ்வினாத்தாளுக்கு விடை சொல்லித் தராது.

பொது அறிவு பரீட்சைக்குள் புகுந்த வரலாறு

கிரேக்கமும் கணிதமும் கொண்டே அதிகாரியைத் தேர்ந்தால் போதாதென்பதை ஆங்கிலேயரே ஐரோப்பிய யுத்தகாலத்தில் உணர்ந்தனர். ஸ்டான்லி லீத்ஸ் என்பவரைத் தலைவராகக் கொண்ட குழு 1917-ஆம் வருஷத்தில் உயர்தரச் சிவில் சர்வீஸ் பரீட்சையைத் திருத்த யோசனை கூறிற்று. கட்டுரை, ஆங்கிலம், இக்காலத்துச் சமூக அரசியற் பொருளாதாரப் பிரச்சினைகள், அன்றாட விஞ்ஞானம் என்பவற்றை யாவரும் எழுதவேண்டும் என்றும், நேர்முக விசாரணைக்கும் மதிப்பெண் உண்டு என்றும் அக்குழு வகுத்த முறை பின்னர் ஐ.சி.எஸ். பரீட்சைக்கும் வந்தது. இன்று நம் பிள்ளைகள் 'நடப்பு நிகழ்வுகள்' என்றும் 'பொது அறிவு' என்றும் சொல்லிப் படிப்பதன் பூர்வீகம் இதுவே.

1926-இல் மத்திய பப்ளிக் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. 1950-ஆம் வருஷம் ஜனவரி 26 முதல் அது யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் எனப் பெயர் பெற்றது. சுதந்திரத்துக்குப் பின் ஐ.சி.எஸ். மறைந்து ஐ.ஏ.எஸ். தோன்றியபோதும் கட்டுரையும் ஆங்கிலமும் பொது அறிவும் நிலைத்தன. கோத்தாரி குழுவின் யோசனையின்படி 1979 முதல் முதனிலை, பிரதானம், நேர்முகம் என்னும் மூன்று படிகள் ஏற்பட்டன. 2013 முதல் பிரதானப் பரீட்சையில் பொது அறிவுக்கு நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 250 மதிப்பெண். அவற்றுள் ஒன்று ஒழுக்கநெறி பற்றியது. கட்டுரைக்கு 250, விருப்பப் பாடத்துக்கு 500, நேர்முகத்துக்கு 275, ஆக மொத்தம் 2,025. இவற்றுள் பொது அறிவுக்கே 1,000 போகின்றது. மெக்காலே காலத்தில் கிரேக்கமும் லத்தீனும் வீற்றிருந்த சிங்காதனத்தில் இன்று நாட்டுநடப்பு வீற்றிருக்கின்றது.

இது நமக்கு நன்மையா, தீமையா? ஒரு வகையில் நன்மை. கிரேக்கத்தை லண்டனுக்குப் போய்க் கற்கவேண்டும். நாட்டுநடப்பை எங்கிருந்தும் கற்கலாம். மற்றொரு வகையில், இதுவே புதிய சுங்கம். நாள்தோறும் நல்ல பத்திரிகை வரும் வீட்டிலும், தந்தையும் தாயும் நாட்டுக் காரியங்களைப் பேசும் வீட்டிலும் பிறந்த பிள்ளைக்கு இவ்வறிவு காற்றோடு வருகின்றது. பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்து மாலைவரை உழைக்கும் வீட்டில் அது தானே வருவதில்லை. சமுத்திரம் போயிற்று, வயது வரம்பு தளர்ந்தது, கடைசியாக மிஞ்சி நிற்கும் சுங்கம் செய்தியும் அதை விளங்கிக்கொள்ளும் பழக்கமுமே.

தமிழில் எழுதும் உரிமை

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1979-ஆம் வருஷத்து மாற்றத்தோடு, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள பாஷைகளில் விடை எழுதும் உரிமை கிடைத்தது. தமிழிலக்கியம் பயின்ற ஆர். பாலகிருஷ்ணன் தமிழிலேயே எழுதித் தேறி 1984-ஆம் வருஷத் தொகுதியில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகி ஒடிஷாவில் உயர்பதவிகள் வகித்தார். சிந்துவெளியைப் பற்றிய ஆராய்ச்சியாலும் அவர் அறியப்பட்டவர். தமிழ் படித்தவன் கலெக்டராக முடியுமா என்று இனி எவரும் கேட்க வேண்டுவதில்லை.

ஆயினும் இவ்வழியிலும் ஒரு கல் கிடக்கின்றது. முதனிலைப் பரீட்சையின் வினாக்கள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே அச்சிடப்பட்டு வந்திருக்கின்றன. ஆகவே, தமிழில் விடையெழுத எண்ணுபவனும் ஆங்கிலத்தில் வினாவை ஐயமின்றி உணரவேண்டும். நம் பிள்ளைகள் தமிழில் ஆழ்ந்தும் ஆங்கிலத்தில் தெளிந்தும் இருத்தல் அவசியம். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவோர் பாதி வழியில் நிற்பர்.

நம் ஊரே முதற் பாடம்

பொது அறிவு என்றவுடன் நம் வாலிபர் கடைக்கு ஓடி, ஆயிரம் வினா-விடை அடங்கிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி உருப்போடத் தொடங்குகின்றனர். எந்தத் தேசத்துக்கு எது தலைநகர், எந்தப் பரிசை எவர் பெற்றார் என்பன நினைவுக்கு நல்லவை; ஆனால் இப்பரீட்சை இன்று கேட்பது பெரும்பாலும் 'எது' என்பதை அன்று; 'எதனால்', 'எவ்வாறு' என்பவற்றை. அவ்வாறு கேட்டுப் பழகுவதற்கு நம் ஊரைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. சில உதாரணங்கள் காட்டுவோம்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடக்கும் தூரமே. எனினும் 1956-ஆம் வருஷம் அக்டோபர் வரை செங்கோட்டை நம் ராஜ்யத்தில் இல்லை. திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலும் இருந்து, அவ்வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இஃது ஏன் என்று கேட்டால், 1953-இல் பஸல் அலியின் தலைமையில் அமைந்த ராஜ்ய புனரமைப்புக் கமிஷன், 1956-ஆம் வருஷத்துச் சட்டம், ராஜ்யங்களின் எல்லையை மாற்றப் பார்லிமெண்டுக்கு அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 3-ஆம் விதி என்று பாடம் விரிகின்றது. 2019-ஆம் வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி ஜில்லாவானபோதோ, பார்லிமெண்டைக் கேட்கவேண்டி இருக்கவில்லை. ராஜ்ய சர்க்காரின் உத்தரவே போதியதாயிற்று. ராஜ்ய எல்லைக்கு ஒரு விதி, ஜில்லா எல்லைக்கு ஒரு விதி என்னும் இவ்வேற்றுமையை நம் ஊர்ப் பிள்ளை புத்தகத்திலா படிக்கவேண்டும்?

கீழ்நாடு முழுதும் வெயிலிற் காயும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் மட்டும் சாரல் அடிப்பதேன்? தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேற்கே மழையைக் கொட்டிவிடுகின்றது; கணவாய் தாழ்ந்துள்ள இவ்விடத்தில் எஞ்சிய ஈரக்காற்று இப்புறம் தவழ்ந்து வருகின்றது. இதனை அறிந்தவன் மழைமறைவுப் பிரதேசம் என்பதை ஒருபோதும் மறவான். அவ்வருவிநீர் சிற்றாறாய் ஓடித் தாமிரபரணியிற் கலப்பதை அறிந்தவனுக்கு நதிப்படுகை, பாசனம், குளச்சங்கிலி என்பன வெறுஞ்சொற்களல்ல. அம்மலைகள் அடங்கிய மேற்குத்தொடர்ச்சியை யுனெஸ்கோ 2012-இல் உலக பாரம்பரியச் செல்வமாக ஏற்றதும், அகஸ்தியமலை உயிர்க்கோளத்தை 2016-இல் தன் உலக வரிசையிற் சேர்த்ததும் இப்பாடத்தின் அடுத்த பக்கங்கள்.

பீடித் தொழிலாளருக்காக 1966-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1976-இல் க்ஷேமநிதிச் சட்டம் வந்தது. நம் வீடுகளில் பெண்மக்கள் சுற்றும் பீடிக்கும் டெல்லிப் பார்லிமெண்டுக்கும் உள்ள தொடர்பு இது. அச்சட்டம் பிற்காலத்துத் தொழிற்சட்டத் தொகுப்புகளுள் எவ்வாறு அடங்கிற்று, வீட்டிலிருந்து கூலிவேலை செய்வோருக்கு என்ன பாதுகாப்பு, புகையிலையைக் குறைக்கவேண்டிய ஆரோக்கியக் கடமையும் அதனாற் பிழைக்கும் குடும்பங்களின் வயிறும் மோதும்போது அதிகாரி என்ன செய்வது என்பன பிரதானப் பரீட்சைக்குரிய வினாக்களேயாம்.

இன்னும் ஒன்று. 2024-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி, சாரற் காலம் பிறக்குமுன்னரே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அச்செய்தியை மறுநாள் நாம் யாவரும் வாசித்தோம், வருந்தினோம், பத்திரிகையை மடித்து வைத்தோம். ஆனால் ஒரு வாலிபன் அப்பத்திரிகையை மடிக்காமல், மலைமேல் மழை பெய்வதை அருவியில் நீராடுவோர்க்கு எவ்வளவு நேரம் முன்னதாக அறிவிக்க இயலும், அதற்கு எந்தத் துறை பொறுப்பு, வனத்துறையும் போலீஸும் பஞ்சாயத்தும் தம்முள் எவ்வாறு செய்தி பரிமாறவேண்டும், 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் நிர்வாகச் சட்டம் ஜில்லாக் கலெக்டருக்கு என்ன கடமை விதிக்கின்றது என்று கேட்டு எழுதிப் பார்த்தானாயின், அவனே பொது அறிவு படிப்பவன். அவன் நாளை எங்கோ ஒரு மலைநாட்டு ஜில்லாவில் அதிகாரியாய் அமரும்போது அவ்வறிவு ஓர் உயிரைக் காக்கும். மதிப்பெண் அதன் நிழலே.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

இனி நம் கடமை யாது? நமது சங்கம் வருஷந்தோறும் மகாநாடு கூட்டுகின்றது. பந்தலும் விருந்தும் ஊர்வலமும் குறைவின்றி நடக்கின்றன. கலியாணங்களில் நம்மவர் செலவிடும் தொகையைச் சொல்லவும் வேண்டுமோ? அவற்றிலொரு சிறு பகுதியை ஒதுக்கினால், ஒவ்வோர் ஊரிலும் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தலாம். இதற்குப் புதிய கட்டிடம் வேண்டுவதில்லை. 1948-ஆம் வருஷத்திலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. வீட்டுவரியோடு நூலகவரியும் நாம் செலுத்துகின்றோம். நூலகங்கள் நம்முடையவையே; அவற்றிற் போய் அமர்வதே குறை.

ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் ஒரு தமிழ்ப் பத்திரிகையும் நாள்தோறும். மத்திய சர்க்காரின் 'திட்டம்' என்னும் தமிழ் மாத இதழ். பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழிலும் வெளியிடும் குறிப்புகள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள சரித்திர, பூகோள, அரசியற் பாடநூல்கள். கமிஷனார் தாமே இலவசமாக வெளியிட்டுள்ள பழைய வினாத்தாள்கள்: தொடங்குவதற்கு இவை போதும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கூடி, அவ்வாரத்துச் செய்தி ஒன்றை ஒருவர் எடுத்துரைக்க, மற்றவர் 'ஏன்' என்று கேட்கவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தாசில்தார்களும் நம்மில் இல்லாமலில்லை, அவர்கள் முன்வரவேண்டும். வாரத்துக்கொரு கட்டுரையைத் திருத்திக் கொடுப்பது பொன்னாடை போர்த்துவதினும் மேலான உபகாரம்.

சர்க்கார் உதவியையும் விடுதலாகாது. சென்னையில் 1966 முதல் ராஜ்ய சர்க்காரின் பயிற்சி நிலையம் நடைபெறுகின்றது. 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ்த் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரவருக்குப் பத்து மாதம் வரை மாதந்தோறும் 7,500 ரூபாயும், முதனிலையில் தேறினோர்க்கு 25,000 ரூபாயும் கொடுக்க 2023-இல் ஏற்பாடாயிற்று. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் தேதியைக்கூட அறியாமல் நம் பிள்ளைகள் தவறவிடுதல் சங்கத்தின் குற்றமேயன்றி அவர்கள் குற்றமன்று.

பெண்மக்களை இவ்வட்டத்தினின்று ஒதுக்குவோமாயின் நாமே ஒரு சுங்கச்சாவடி கட்டியவராவோம். 1951-ஆம் வருஷத்திலேயே அன்னா ராஜம் என்னும் மாது ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்து நம் ராஜ்யத்து ஓசூரில் சப்-கலெக்டராகப் பணிபுரிந்தார். அவ்வாறே, நம் வட்டத்தில் பிற சமூகத்துப் பிள்ளை வந்து அமர்ந்தால் விலக்கலாகாது. நமக்கும் கீழே வைத்து ஒடுக்கப்பட்டோர் வந்தால் முன்வரிசையில் இடம் தரவேண்டும். நம்மை ஒருகாலத்தில் வெளியே நிறுத்திய வழக்கத்தை நாம் பிறர்மேற் செலுத்தினால், மேலே கூறிய சரித்திரத்தைப் படித்தும் பயனில்லை.

ஒன்றை மறையாமற் கூறவேண்டும். 2023-ஆம் வருஷத்துப் பரீட்சைக்கு 10,16,850 பேர் விண்ணப்பித்தனர். 5,92,141 பேர் எழுதினர். 14,624 பேர் பிரதானப் பரீட்சைக்குத் தகுதி பெற்றனர். முடிவில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 1,016 பேர். ஆகவே, முயன்றவர் யாவரும் கலெக்டராகார். அவ்வாறு ஆகாதவரை ஊரார் இகழ்வதும், அவர் நாணி ஒதுங்குவதும் நம்மிடையே உள்ள பெருங்குறை. அரசியல் சட்டம் அறிந்த ஆசிரியர், தொழிற்சட்டம் அறிந்த பீடித் தொழிற்சங்கத்தார், நீர்வழி அறிந்த பஞ்சாயத்துத் தலைவர், வரவுசெலவுக் கணக்கைப் படிக்கத் தெரிந்த வாக்காளர் ஆகிய இவர்களும் நாட்டை நடத்துவோரே. ராஜ்ய சர்வீஸ் கமிஷன் நடத்தும் பரீட்சைகளுக்கும் இதே படிப்பு உதவும். வாசிப்பு வட்டத்தில் ஐந்து வருஷம் அமர்ந்த ஒருவர் தேறாவிடினும் வீணாகார்.

தென்காசிக் கோயிலின் திருப்பணியை 1446-ஆம் வருஷத்தில் தொடங்கிய பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் இக்கோயிலைக் காப்பவர் எவராயினும் அவர்தம் அடிகளைத் தாம் வணங்குவதாகக் கல்லில் எழுதி வைத்தார். காப்பவர் இன்ன குலத்தவராயிருக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. காக்கவேண்டும் என்றே கேட்டார். வருகிற மகாநாட்டின் வரவுசெலவுத் திட்டத்தைச் சங்கத்தார் வகுக்கும்போது, பந்தலுக்கு எழுதும் தொகைக்கு அடுத்த வரியில் வாசிப்பு வட்டத்துக்கென்று ஒரு தொகை எழுதும்படி அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்பார்களாக.